பம்பாய் நேரமும் நான்கு புரட்சிகளும்

ஓவல் மைதானத்துக்கு எதிரே நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு 1878-ல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தக் காலத்து மும்பையில் இரண்டு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கு பம்பாய் நேரம். அது கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். ரயிலுக்கு மெட்ராஸ் நேரம். அது 5 மணி 21 நிமிடம் முன்னால். ஆமாம், நம் மெட்ராஸ்தான். அங்கிருந்த வானியல் ஆய்வகத்து நேரத்தைத்தான் இந்திய ரயில்வே வைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கடிகாரத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி அரை மணி முன்பே போயிருக்கும்.

1881-ல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்களிலும் மெட்ராஸ் நேரத்தைக் கொண்டுவந்தார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் உத்தரவு வாபஸ் ஆனது. அப்புறம் 1906 ஜனவரி 1 அன்று இன்றைய இந்திய நேரம் வந்தது, பம்பாய் நேரத்தைவிட 39 நிமிடம் முன்னால். அந்த மாதமே மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். காலை ஷிப்டுக்கு இன்னும் இருட்டில் எழுந்து ஓட வேண்டுமே! மாநகராட்சியோ பம்பாய் நேரத்தைச் சுதந்திரம் வந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

வெறும் 39 நிமிடத்துக்கு ஏன் இத்தனை சண்டை? மணி என்ன என்று சூரியன் சொல்லுமா, ரயில்வே சொல்லுமா, சர்க்கார் சொல்லுமா, மில் சங்கு சொல்லுமா என்பதுதான் அங்கே கேள்வி. பள்ளிப் பாடத்தில் அறிவியல் புரட்சி, சமயச் சீர்திருத்தம், பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி என்று நான்கு தனித்தனிப் பாடமாகப் படிப்பதெல்லாம் இந்த ஒரே கேள்வியின் நான்கு வடிவங்கள். இதுதான் சரி என்று முடிவு செய்வது யார்? அந்த அதிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, பழைய நிலைக்குத் திரும்பவே முடியாமல் போனால் அதைப் புரட்சி என்கிறோம். அது ஒரு ராத்திரியில் நடக்க வேண்டியதில்லை. நூறு வருஷம்கூட ஆகலாம்.

தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகள் இந்தத் தேதிகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர்கள் இருக்கும் ஊரே இந்த நான்கும் வந்து மோதிய இடம். அதனால் இங்கிருந்தே பார்க்கலாம்.

வானத்தைப் பார்த்தவர்கள்

1543-ல் கோபர்நிகஸின் நூல் வெளிவந்தது. பூமி நடுவில் இல்லை, அதுதான் சூரியனைச் சுற்றுகிறது என்றது. 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பி வியாழனைப் பார்த்தார். அதன் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. கடைசியில் நான்கு நிலாக்கள் வியாழனைச் சுற்றிவருகின்றன என்று கண்டுகொண்டார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற கணக்கு அங்கே இடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது நிலாக்களை மட்டுமல்ல. "அரிஸ்டாட்டில் சொன்னார்", "வேதாகமத்தில் இருக்கிறது" என்ற பதில்கள் இனி போதாது, கண்ணாடி வழியாக நீயே பார்த்துக்கொள் என்று ஒருவர் சொல்ல முடிந்ததே, அதுதான் பெரிய விஷயம். சொன்னவர் யார் என்பது பின்னுக்குப் போய், எப்படித் தெரியும் என்பது முன்னுக்கு வந்தது. 1633-ல் திருச்சபை கலிலியோவை விசாரித்து, சொன்னதை மறுக்க வைத்து, வீட்டுக்காவலில் வைத்தது. ஆனால் 1687-ல் நியூட்டன் வந்து, கீழே விழும் கல்லுக்கும் சுற்றிவரும் நிலாவுக்கும் ஒரே விதி என்று கணக்குப் போட்டுக் காட்டியபின் பேச்சு முடிந்துவிட்டது.

ஐரோப்பா இதைத் தனியாகச் செய்துவிடவில்லை. கணக்குப் போட்ட எண்கள் இந்தியாவிலிருந்து அரபு நாடுகள் வழியாகப் போனவை. பாரசீக வானியலாளர் நாசிருத்தீன் தூசி உருவாக்கிய ஒரு கணித உத்தியே கோபர்நிகஸின் நூலிலும் இருக்கிறது.

கடிகாரமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஊசலின் ஆட்டத்தை ஆராய்ந்தவர் கலிலியோ. அதை வைத்து 1656-ல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தார். நிமிடம் என்பதை நம்பி அளக்க முடிந்தது அதன் பிறகுதான். நிமிடத்தை அளக்க முடியாவிட்டால் ஒருவரை லேட் என்று சொல்லிச் சம்பளம் பிடிக்கவும் முடியாது.

அச்சு இரண்டு பக்கமும் ஓடியது

மதத்தில் நடந்தது இதற்குக் கொஞ்சம் முன்னால். 1517 அக்டோபரில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதர் என்ற துறவி 95 வாதங்களை வெளியிட்டார். பணம் கொடுத்துப் பாவத்தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் சீட்டுகளைத் திருச்சபை விற்றுவந்ததைக் கண்டித்தார். இப்படிக் கண்டித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. சிலர் எரிக்கப்பட்டார்கள். லூதருக்குச் சிற்றரசர் ஒருவரின் பாதுகாப்பும் இருந்தது, அச்சு இயந்திரமும் இருந்தது. கூடன்பர்க் 1450-களில் அச்சிடத் தொடங்கியிருந்தார். லூதரின் துண்டு நூல்கள் ஜெர்மனி முழுக்கப் பறந்தன. 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். லத்தீன் தெரிந்த பாதிரியார் படித்துச் சொல்லித்தான் கடவுள் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும் என்ற நிலை ஆட்டம் கண்டது.

லூதரைச் சுதந்திர வீரராக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1525-ல் குடியானவர்கள் அவர் வார்த்தைகளையே பிடித்துக்கொண்டு பண்ணையார்களுக்கு எதிராக எழுந்தபோது, அவர்களை அடித்து நொறுக்கச் சொல்லி எழுதியவரும் அவரேதான். புரட்சியைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு கோட்டில் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இந்தச் சண்டை தமிழுக்கு வந்த கதை சுவையானது. லூதருக்கு எதிராக நின்ற கத்தோலிக்கத் தரப்பில் சுறுசுறுப்பான சபை சேசு சபை. அதைச் சேர்ந்த போர்த்துகீசியரான அன்றிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ்தான். பிறகு 1706-ல் லூதரின் வழிவந்த சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சில வருஷங்களில் அச்சகம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஆக ஐரோப்பாவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு தரப்புமே இங்கே தமிழ் எழுத்தை வார்த்துக்கொண்டிருந்தன.

அச்சு யார் கையிலும் நிற்காது. 1907-ல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். விலையும் ஒரு பைசாதான். சாதிக்குச் சாத்திரம் காட்டியவர்களை அதே அச்செழுத்தில் கேள்வி கேட்டார். அதற்குமுன் 1898-லேயே அவர் பௌத்தத்துக்கு மாறியிருந்தார்.

எல்லோரும் சமம் என்று எழுதியவர்கள்

அரசியல் புரட்சிகளின் தேதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அமெரிக்கா 1776, பிரான்ஸ் 1789. ராஜா கடவுள் நியமித்தவர் என்ற பேச்சு போய், அரசாங்கம் மக்கள் சம்மதத்தில் நிற்கிறது என்ற பேச்சு வந்தது. இதுவரை சரி. "எல்லோரும் சமம்" என்று எழுதியபோது அந்த எல்லோரில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அமெரிக்கப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். பிரான்சில் பெண்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று எழுதிய ஒலிம்ப் து கூஜ் 1793-ல் கில்லட்டினில் தலையிழந்தார். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944-ல்.

அரசியல் புரட்சிகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பாடப் புத்தகம் ஒரு வரியில் கடக்கும் ஹெய்ட்டி. அது அப்போது பிரான்சின் கரும்புக் காலனி. 1791-ல் அங்கே அடிமைகள் எழுந்தார்கள். பாரீசில் எழுதிய சமத்துவம் எங்களுக்கும்தான் என்று சொல்லிப் போரிட்டார்கள். 1794-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் மறுபடி கொண்டுவரப் பார்த்து, படையை அனுப்பித் தோற்றார். 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி சுதந்திர நாடானது. ஐரோப்பியர் எழுதியதை ஐரோப்பியருக்கே எதிராக வாசித்துக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

அதே வாசிப்பு மகாராஷ்டிரத்திலும் நடந்தது. தாமஸ் பெயின் என்ற இங்கிலாந்துக்காரர் அமெரிக்கப் புரட்சிக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் சேர்த்து எழுதியவர். அவருடைய மனித உரிமைகள் பற்றிய நூலைப் புனேயில் இளைஞரான ஜோதிராவ் புலே படித்தார். பெயின் அதை எழுதியது பரம்பரை மன்னர்களையும் பிரபுக்களையும் எதிர்த்து. புலேவுக்கு அதில் சாதி தெரிந்தது. 1873-ல் அவர் சத்திய சோதக் சமாஜம் என்ற, உண்மையைத் தேடும் சங்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் சாதி அடிமைத்தனம் பற்றி வெளியிட்ட நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார்.

அம்பேத்கர் இதில் ஒரு திருத்தம் போட்டார். தாதரில் ராஜகிருகம் கட்டிக் குடியிருந்தவர் அவர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கியதாக யாரும் சொல்ல வேண்டாம், புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று 1954-ல் வானொலி உரையில் சொன்னார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அரசியல் புரட்சியா மதப் புரட்சியா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த இடத்தில் உதவாது.

பருத்தி

இனி தொழிற்புரட்சி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மும்பை என்ற ஊரே இதன் பிள்ளை.

நீராவி, நிலக்கரி, ஜேம்ஸ் வாட் என்று ஆரம்பிப்பது வழக்கம். நான் துணியில் ஆரம்பிக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் ஏகப்பட்ட கிராக்கி. நம் சோழமண்டலக் கரையில் சாயமேற்றி அச்சடித்த துணியும் அதில் உண்டு. அங்கே கம்பளி, பட்டு நெய்பவர்கள் கொதித்துப் போனார்கள். 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அச்சுத் துணியைத் தடுத்தார்கள். வெளித் துணி வராது, ஆனால் ஆசை போகவில்லை. அதே மாதிரித் துணியை உள்ளூரில் மலிவாகச் செய்பவனுக்குப் பணம் கொட்டும். இந்திய நூற்பவர்களின் கைத்திறனும் கிடையாது, இந்தியக் கூலிக்கு அங்கே ஆளும் கிடைக்காது. மிச்சம் இருந்த வழி இயந்திரம். நூல் நூற்கும் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1760-களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, 1769-ல் ஆர்க்ரைட்டின் நீர்விசைப் பொறி, 1779-ல் கிராம்ப்டனின் மியூல். அதே 1769-ல்தான் வாட் தன் மேம்படுத்திய நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்ச காலத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. நூல் விலை சரிந்தது. பிறகு அந்தத் துணி கப்பலேறி நம் நெசவாளர்களின் சந்தைக்கே வந்தது.

இயந்திரத்துக்குப் பஞ்சு வேண்டும். 1793-ல் அமெரிக்காவில் விட்னி பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் கருவி செய்தார். வேலை குறையும், அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. பருத்தி லாபமான பயிராகிவிட்டதால் தோட்டங்கள் பெருகின. 1790-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம். இயந்திரம் வந்தால் மனிதர் பாடு குறையும் என்று யாராவது உறுதி சொன்னால் இந்த இரண்டு எண்களை எடுத்து வையுங்கள்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குப் படை தென் துறைமுகங்களை மறித்தது. இங்கிலாந்தின் துணி மில் வட்டாரமான லங்காஷயரில் மில்கள் பஞ்சில்லாமல் நின்றன. பஞ்சு எங்கே கிடைக்கும்? பம்பாயில். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி ரயில் ஓடியிருந்தது. தண்டவாளம் உள்நாட்டுப் பருத்திக் காடுகளை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. பஞ்சு விலை ஏறி, பம்பாயில் பணம் பெருக்கெடுத்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் ஷேர்களை ஆளாளுக்கு வாங்கினார்கள். 1865-ல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. அந்தக் காலத்துப் பஞ்சு ராஜா பிரேம்சந்த் ராய்சந்தும் விழுந்தார். அவர் கொடுத்த பணத்தில், அவர் அம்மாவின் பெயரில் எழுந்ததுதான் ராஜாபாய் மணிக்கூண்டு.

பணம் போனாலும் மில்கள் வந்துவிட்டன. 1854-ல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் இந்த ஊரின் முதல் பஞ்சாலைக் கம்பெனியைத் தொடங்கினார். இயந்திரம் லங்காஷயரிலிருந்து, போட்டியும் லங்காஷயரோடு. பரேல், லால்பாக், ஒர்லி முழுக்கப் புகைபோக்கிகள் எழுந்தன. கொங்கணத்திலிருந்தும் காட் மலைப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து, சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஒரே அறையில் பத்துப் பேர் என்று தங்கினார்கள். நம் ஆட்கள் மில்லைவிட வேறு வேலைகளில்தான் அதிகம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். மாட்டுங்காவில் குடியேறியவர்கள் டைப்ரைட்டரும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ஆபீஸ்களுக்குப் போனார்கள். அந்த மாட்டுங்காவே 1896 பிளேக்குக்குப் பிறகு ஊரை விரிக்கப் போட்ட திட்டத்தில் பிறந்தது. நெருக்கியடித்த சால்களில்தான் பிளேக் வேகமாகப் பரவியிருந்தது.

மில்லில் வேலை விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. வார லீவு என்று எதுவும் கிடையாது. 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு வயதுக்கு மேலே என்றால் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்! இந்தச் சட்டம் வேண்டும் என்று இங்கிலாந்தில் சத்தம் போட்டவர்களில் லங்காஷயர் முதலாளிகளும் இருந்தார்கள். குழந்தைகள் மேல் திடீர்ப் பாசம் என்று நான் நினைக்கவில்லை. பம்பாய்த் துணி மலிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது புலேவிடம் திரும்பலாம். அவருடைய இயக்கத்தைச் சேர்ந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1884-ல் மில் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் ஏற்படுத்தி, 5,500 பேரிடம் ஒப்பம் வாங்கி மனு கொடுத்தார். கேட்டது என்ன? ஞாயிறு லீவு, மத்தியானம் அரை மணி ஓய்வு, காலை ஆறரையிலிருந்து பொழுது சாயும் வரை மட்டும் வேலை, மாதம் 15-ம் தேதிக்குள் சம்பளம். இதற்கு ஆறு வருஷம் இழுத்தது. 1890 ஏப்ரலில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் கூடினார்கள். இரண்டு பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். ஜூன் 10 அன்று மில் முதலாளிகள் சங்கம் ஞாயிறு லீவுக்கு ஒத்துக்கொண்டது. வெள்ளைக்கார அதிகாரிக்கு ஞாயிறு சர்ச் நாள். மராத்தி மக்களுக்கு அது கண்டோபா சாமிக்கு உகந்த நாள். பாரீசுக்காக எழுதிய பெயின், புனேயில் படித்த புலே, பரேலில் கூட்டம் போட்ட லோகாண்டே என்று ஒரு கோடு இழுத்தால், அது ஒரு நாள் லீவில் வந்து முடிகிறது. 1891 சட்டம் அந்த லீவை நாடு முழுக்க ஆலைகளுக்கு விரித்தது.

மீதிச் சலுகைகள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தன. 1911-ல் பஞ்சாலை ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று உச்சவரம்பு. 1922-ல் வாரத்துக்கு 60 மணி. 1934-ல் 54. 1946-ல் 48. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 தொழிற்சாலைச் சட்டமும் அதையே வைத்துக்கொண்டது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் வேலைநிறுத்தங்கள் இருந்தன. கடைசிப் பெரிய வேலைநிறுத்தம் 1982 ஜனவரியில், தத்தா சாமந்த் தலைமையில். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். அது ஜெயிக்கவே இல்லை. பல மில்கள் திறக்காமலே போயின. அந்த இடங்களில் இன்று மால்களும் அடுக்குமாடி ஆபீஸ்களும் நிற்கின்றன. சிலவற்றில் புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

1948 சட்டத்தில் ஒரு வரையறை இருந்தது. மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றது. எட்டு மிஷின் போட்டு எட்டுப் பேர் பை தைக்கும் தாராவிப் பட்டறை அந்தக் கணக்கில் வரவில்லை. அங்கே கூலி பீஸுக்கு இவ்வளவு என்றுதான். சீசன் வந்தால் ராத்திரியும் தைப்பார்கள், ஆர்டர் இல்லாவிட்டால் நடுவாரத்திலும் மிஷினை மூடி வைப்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எத்தனை பீஸ் என்றுதான் கேட்பார்கள்.